ஏறியது எட்டு, காட்டியது இரண்டு: யாழ்ப்பாண ரியூட்டரி ஒன்றில் மாடியை எண்ணத் தவறிய ஸ்மார்ட் வாட்ச்

முறைப்பாடு ஒரே வரிதான். "பண்ணையிலை நடந்தா மாடி ஏறினது எண்டு சொல்லுது, மாடி ஏறினா பேசாமல் கிடக்குது." பண்ணை என்பது கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதி, மேடு பள்ளம் இல்லாத பாதை. சொன்னவர் நகரத்து ரியூட்டரி ஒன்றில் உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கும் ரீச்சர். வயது ஐம்பதைத் தாண்டியவர், நீரிழிவு உள்ளவர். படி ஏறுங்கள் என்று வைத்தியர் சொன்ன பிறகு கனடாவில் இருக்கும் உறவினர் அனுப்பிவிட்ட ஸ்மார்ட் வாட்ச் அது. இடக்கையில் கட்டியிருக்கிறார். வலக்கையில் எப்போதும் வெண்பலகைப் பேனை, பதிவேடு, ஒரு கட்டு வினாத்தாள்.

மாற்றித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பலாமா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. அதற்குப் பதில் சொல்ல முதலில் கட்டடத்தை அளக்க வேண்டியிருந்தது. வாட்சைப் பார்த்தது அதன் பிறகுதான்.

கட்டடமும் ஏற்றமும்

கீழ்த்தளத்தில் கடைகள், முதலாம் மாடியில் அலுவலகமும் ஆசிரியர் அறையும், இரண்டாம் மாடியில் வகுப்புகள். நகரத்தில் இப்போது எழும்பும் ரியூட்டரிகளில் பலவற்றின் அமைப்பு இதுதான். கடைக்காக விடப்படும் தளத்தின் உயரம் அதிகம். மேலே செலவைக் குறைக்கத் தளத்தை இறக்கிவிடுவார்கள்.

கீழிருந்து முதலாம் மாடிக்கு 22 படிகள். அவற்றில் 21 படிகள் ஆறரை அங்குலம், முதற்படி மட்டும் 5 அங்குலம். கடைக்காரர் பிற்பாடு தரைக்கு ரைல்ஸ் பதித்தபோது தரை ஒன்றரை அங்குலம் உயர்ந்துவிட்டது, அதற்கேற்பப் படியை யாரும் திருத்தவில்லை. மொத்தம் 141.5 அங்குலம், அதாவது 3.59 மீற்றர். முதலாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு 18 படிகள், எல்லாம் ஆறரை அங்குலம். 117 அங்குலம், 2.97 மீற்றர். இரண்டு ஏற்றங்களிலும் நடுவில் திரும்பும் மேடை ஒன்று உண்டு.

ரீச்சரின் நாள் இப்படிப் போகிறது: காலையில் ஒருமுறை கீழிருந்து முதலாம் மாடி, மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்து மீண்டும் ஒருமுறை. வகுப்புக்கு வகுப்பு ஆசிரியர் அறைக்கு இறங்கி ஏறுவதில் முதலாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு ஆறுமுறை. எட்டு மாடி ஏற்றம். உயரக் கணக்கில் 7.18 மீற்றரும் 17.82 மீற்றரும் சேர்ந்து சரியாக 25 மீற்றர். வாட்ச் காட்டியது பெரும்பாலான நாட்களில் 2. சில நாட்களில் 3.

வாட்ச் எண்ணுவது படியை அல்ல

இந்தக் கருவிகளுக்குக் கண் இல்லை. உள்ளே இருப்பவை இரண்டு உணரிகள். கை அசைவைப் பார்க்கும் ஆர்முடுகல்மானி நடை நடக்கிறதா என்று சொல்லும். ஒரு நெல்மணியை விடச் சிறிய பாரமானி வளியமுக்கம் எவ்வளவு குறைந்தது என்று சொல்லும். நடை நடந்துகொண்டிருக்கும்போதே அமுக்கம் சுமார் 3 மீற்றருக்குரிய அளவு (பழைய கணக்கில் 10 அடி, 3.05 மீற்றர்) விழுந்தால் ஒரு மாடி என்று பதியும். ஃபிட்பிற், கார்மின், அப்பிள் மூன்றுமே மாடிக்கு இந்த 10 அடியைத்தான் அளவாகச் சொல்கின்றன. இறங்கும்போது உடல்நல இலக்கில் எதுவும் சேராது.

பாரமானியே இல்லாத வாட்ச் மாடியை எண்ணவே மாட்டாது. ஒரே பெயரில் வரும் அடுத்த மாதிரியிலும் அது காணாமற் போகலாம்: ஃபிட்பிற் சார்ஜ் 4 இல் இருந்தது, சார்ஜ் 5 இல் எடுத்துவிட்டார்கள். அப்பிள் வாட்சில் சீரிஸ் 3 இலிருந்து உண்டு, ஐபோனில் ஐபோன் 6 இலிருந்து. ரீச்சரின் வாட்சில் பாரமானி இருந்தது. நேரடி அமுக்கத்தைத் திரையில் காட்டும் வசதியும் இருந்தது. அது இல்லாவிட்டால் இந்த ஆய்வு இவ்வளவு சுலபமாக முடிந்திராது.

மேலிருந்து கீழே ஒவ்வொரு மாடியிலும் இரண்டு நிமிடம் நின்று அமுக்கத்தைக் குறித்தால், முதலாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் இடையே வித்தியாசம் 33 பஸ்கால், அதாவது 0.33 ஹெக்டோபஸ்கால். கீழ்த்தளத்துக்கும் முதலாம் மாடிக்கும் இடையே 40. உணரி வேலை செய்கிறது. பழுது அதில் இல்லை.

வெக்கை தின்னும் இருபது சென்ரிமீற்றர்

33 பஸ்காலை உயரமாக மாற்றும் இடத்தில்தான் யாழ்ப்பாணம் குறுக்கே வருகிறது. அமுக்கத்தை உயரமாக்கப் பரவலாகப் பயன்படும் சூத்திரம் நியம வளிமண்டலத்தை வைத்து எழுதப்பட்டது. கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸ், காய்ந்த வளி. அந்த வளியில் ஒரு மீற்றர் ஏறினால் அமுக்கம் 12 பஸ்கால் குறையும். இங்கே படிக்கட்டில் வெப்பநிலை 30 பாகை, அதற்கு மேல் கடற்கரை ஈரப்பதம். சூடான வளி ஐதானது, நீராவி கலந்தால் இன்னும் ஐதாகும். ஒரு மீற்றருக்கு 11.2 பஸ்கால்தான் குறைகிறது.

33 ஐ (தசமத்தோடு 33.2 ஐ) 12 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 2.77 மீற்றர். அளவுநாடா 2.97 என்கிறது, வாட்ச் 2.77 என்கிறது. இருபது சென்ரிமீற்றர் வெக்கையில் போய்விட்டது. ஏற்கெனவே 3 மீற்றரைத் தொடாத ஏற்றம் இன்னும் கீழே இறங்கிவிட்டது. ஆறுமுறை ஏறினாலும் ஆறுமுறையும் 2.77, ஆறுமுறையும் பூச்சியம். இடையில் இறங்கிவிடுவதால் மிச்சம் அடுத்த ஏற்றத்துக்குச் சேராது.

கீழிருந்து முதலாம் மாடி 3.59 மீற்றர், வாட்சின் கணக்கில் 3.35. அது தாண்டுகிறது, ஒன்று பதிகிறது. நாளில் இருமுறை, ஆக 2. சில நாட்களில் மதியச் சாப்பாடு முடிந்து ஆசிரியர் அறையில் நிற்காமல் நேரே இரண்டாம் மாடிக்குப் போய்விடுவார். அப்போது 6.56 மீற்றர், வாட்சில் 6.13. இரண்டு மாடி, அதுவும் மட்டுமட்டாக. காலை ஒன்றும் இந்த இரண்டுமாக 3.

இதை மறுபக்கமாகச் சொன்னால், 10 அடியை எல்லையாக வைத்த வாட்சில் ஒரு மாடி பதிவதற்கு நம்முடைய வெயிலில் உண்மை உயரம் 3.27 மீற்றராவது வேண்டும். கிட்டத்தட்ட 10 அடி 9 அங்குலம். தளத்திலிருந்து தளத்துக்கு 10 அடி வைத்துக் கட்டிய மாடிவீடுகளில் மேலே போவது பெரும்பாலும் பதியாது; பதிந்தால் அது உணரியின் பிழையால்தான். பழைய நாற்சார் வீட்டுக்குப் பின்னால் மேல்வீடு எடுத்தவர்கள் கூரை உயரத்துக்கு ஒத்துப்போகத் தளத்தை 12 அடிக்குத் தூக்கியிருந்தால் அங்கே சிக்கல் வராது.

இதைப் படித்துவிட்டுக் கடல்மட்ட உயரத்தை வாட்சில் திருத்திப் பார்க்கிறவர்கள் உண்டு. பலனில்லை. மாடிக் கணக்கு பார்ப்பது இரண்டு அமுக்கங்களின் வித்தியாசத்தை. தொடக்க உயரம் 5 மீற்றர் என்றாலும் 500 மீற்றர் என்றாலும் அந்த வித்தியாசம் அப்படியேதான் இருக்கும்.

கையும் கைப்பிடியும்

உயரம் தாண்டும் ஏற்றத்தில்கூடச் சில நாள் பதியாமல் போனது. அதற்குக் காரணம் மற்ற உணரி. ரீச்சர் ஏறும்போது இடக்கையால் கைப்பிடிக் குழாயைப் பிடிக்கிறார், வலக்கையில் புத்தகம். வாட்ச் கட்டிய கை குழாயோடு ஒட்டிச் சறுக்கிப் போகிறது, வீசவில்லை. ஆர்முடுகல்மானிக்கு அது நடையாகத் தெரியாது. நடை இல்லாமல் அமுக்கம் குறைந்தால் லிப்ட் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடும். இது வேண்டுமென்றே வைத்த வடிகட்டி. இல்லாவிட்டால் லிப்டில் போகிறவருக்கும் மாடி விழும்.

முழங்கால் நோ உள்ளவர்கள் ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, நின்று, அடுத்த படிக்குப் போவார்கள். அந்த வேகத்தில் நடை என்று அடையாளம் காணவேண்டிய ஒழுங்கான தாளம் கிடைப்பதில்லை. படி ஏறுவதை அதிகம் கவனிக்க வேண்டியவர்களையே கருவி அதிகம் தவறவிடுகிறது என்பது இதன் மோசமான பக்கம்.

நடுமேடையில் நிற்பதும் சேர்ந்துகொள்ளும். வகுப்பு விட்டுப் பிள்ளைகள் கூட்டமாக இறங்கும்போது அவர் மேடையில் ஒதுங்கி நிற்கிறார். ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் ஏற்றம் இரண்டாக உடையலாம்: 1.7 மீற்றர் ஒன்று, 1.6 மீற்றர் ஒன்று. இரண்டும் தள்ளுபடி.

இன்னொன்று பலருக்குத் தோன்றாது. கையை நெஞ்சோடு மடித்துப் பதிவேட்டைப் பிடித்தபடி ஏறத் தொடங்கி, மேலே போனதும் கையைத் தொங்கவிட்டால் வாட்ச் அரை மீற்றர் கீழே இறங்குகிறது. 3 மீற்றர் கணக்கில் அரை மீற்றர் சின்ன விசயமில்லை.

குளிரூட்டிய ஆசிரியர் அறையிலிருந்து வெளியே வருவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமுக்க உணரிகள் வெப்பநிலைக்குத் திருத்தம் செய்துகொள்ளும், ஆனால் முழுதாக அல்ல. பரவலாகக் காணப்படும் பொஷ் பிஎம்பி280 உணரியில் பாகைக்கு 1.5 பஸ்கால் வரை விலகல் மிஞ்சும்; 25 பாகை அறையிலிருந்து 32 பாகை மாடிப்படிக்கு வந்தால் 10 பஸ்கால், கிட்டத்தட்ட முக்கால் மீற்றருக்கு மேல். அதே நிறுவனத்தின் பிஎம்பி390 இல் இது பாகைக்கு 0.6 பஸ்கால். எந்த உணரி உள்ளே இருக்கிறது என்பதில் விலை வித்தியாசத்தின் ஒரு பங்கு ஒளிந்திருக்கிறது.

பண்ணையில் ஏறிய மாடிகள்

முறைப்பாட்டின் மறுபாதி இன்னும் சுவையானது. குடாநாடு சுண்ணக்கல் தட்டை. பண்ணைத் தாம்போதி கடலுக்குக் குறுக்கே கோடு போட்டதுபோல் கிடக்கிறது. அங்கே பின்னேரம் நடந்து வந்தால் வாட்சில் இரண்டு, மூன்று மாடி. மேடு பள்ளம் உள்ள ஊரில் இந்தப் பிழை மண்ணோடு மண்ணாகக் கலந்துவிடும், கண்டுபிடிக்க முடியாது. இங்கே ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது.

காரணம் சோளகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று. தடுப்பில்லாத கடல்வெளியில் செக்கனுக்கு 8 மீற்றர் காற்று, அதாவது மணிக்கு 29 கிலோமீற்றர், நேரே முட்டும் இடத்தில் உண்டாக்கும் அமுக்கம் சுமார் 37 பஸ்கால். வாட்சின் கணக்கில் அது 3 மீற்றர், ஒரு மாடி. 10 மீற்றர் காற்றுக்கு 57 பஸ்கால், நாலேமுக்கால் மீற்றர். உணரியின் துளை காற்றைப் பார்த்தபடி இருந்தால் அமுக்கம் ஏறும், இறங்கியதாகக் கணக்கு. துளைக்குக் குறுக்கே காற்று வழுக்கிப் போனால் அமுக்கம் குறையும், ஏறியதாகக் கணக்கு. எதிர்க்காற்றில் நடந்துவிட்டுத் திரும்பும்போது உடல் காற்றை மறைக்கிறது. அந்தத் திருப்பத்திலேயே அமுக்கம் விழுகிறது, கூடவே நடையும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாடி ஏறியதற்கு வாட்ச் கேட்கும் இரண்டு சாட்சியும் கிடைத்துவிட்டன. சட்டைக் கையை வாட்சின் மேல் இழுத்துவிட்டு நடந்தாலே இது பெரும்பாலும் நின்றுவிடும்.

மோட்டார்சைக்கிள் ஓட்டத்திலும் இதே கூத்துத்தான். மணிக்கு 40 கிலோமீற்றரில் 70 பஸ்கால், அதோடு குண்டும் குழியுமான ஒழுங்கையின் குலுக்கம் நடையாகப் பதிகிறது. சந்தியில் நிற்பதும் எடுப்பதுமாகப் போனால் வீடு போய்ச் சேரும்போது ஒரு மாடி கூடியிருக்கும்.

காற்றே இல்லாத நாளிலும் ஒரு மெல்லிய ஏமாற்று நடக்கிறது. வெப்பவலயத்தில் வளியமுக்கம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும்: காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் உச்சம், பின்னேரம் 4 மணியளவிலும் அதிகாலை 4 மணியளவிலும் தாழ்வு. மேல் வளிமண்டலத்தைச் சூரியன் சூடாக்குவதால் எழும் அலை இது. வடக்கே குளிர்நாடுகளில் மிகச் சிறியது, புயலும் முகப்புகளும் அதை மூடிவிடும். நமக்குக் காலை 10 இலிருந்து மாலை 4 வரை விழுவது சுமார் 3 ஹெக்டோபஸ்கால். வாட்சின் கணக்கில் 25 மீற்றர். ரீச்சர் நாள் முழுவதும் உண்மையாக ஏறிய உயரமும் அதே 25 மீற்றர்தான். கதிரையில் இருந்தவரை வளிமண்டலம் எட்டு மாடிக்குத் தூக்கிவிடுகிறது. மெதுவான மாற்றத்தை மென்பொருள் கழித்துவிடும் என்பதால் இவ்வளவும் கணக்கில் வராது. ஆனால் வகுப்பறைக்குள் பின்னேரம் ஒரு மணித்தியாலம் விடாமல் உலாவிப் படிப்பிக்கும் ஒருவருக்கு அந்த நேரத்தில் விழும் 50 பஸ்காலில் ஒரு பொய்மாடி பதிய இடமிருக்கிறது.

துளை அடைப்பு

வாட்சைத் திருப்பிப் பார்த்தபோது பக்கவாட்டுத் துளைகளில் ஒன்றில் வெள்ளைப் பொடி. விபூதி. குளித்து முழுகி மூன்று குறியாகக் கையிலும் பூசிவிட்டு அதன் மேலே வாட்சைக் கட்டுகிறார். நல்லெண்ணெய் முழுக்கு நாளில் எண்ணெயும் சேர்ந்தால் பசை மாதிரி ஆகிவிடும். கசூரினாவில் கடற்குளிப்பு, கீரிமலைக் கேணி முழுக்கு, முகப்பவுடர் எல்லாம் இதே வரிசை. துளை முழுதாக அடைபடாவிட்டாலும் உள்ளே வளி மெதுவாகவே போய்வரும். இருபது செக்கனில் முடியும் ஏற்றத்தை உணரி தாமதமாக உணரும். நீர்த்துளி ஒன்று துளையை மூடியிருந்தால் அது காயும்வரை வரும் வாசிப்பு எதையும் நம்ப முடியாது.

இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி விட்டு, வாட்சை ஐந்து நிமிடம் ஊறவைத்து, மெல்ல அலசி எடுத்தால் போதும். நீர்ப்புகாத் தரம் உள்ள, சவர்க்காரம் படக்கூடாது என்று தயாரிப்பாளர் சொல்லாத வாட்சுக்கு மட்டும். கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நம்முடைய தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம்; கேத்திலில் படிவது துளையிலும் படியும். காய்ச்சி வடித்த நீரை ஊற்றித் துணியில் துளை கீழே பார்க்கக் கவிழ்த்து இரவு முழுக்க வைக்கவும். ஊசி, குண்டூசி, காற்றடிக்கும் பம்பு எதுவும் கிட்டப் போகக்கூடாது. துளைக்குப் பின்னால் இருப்பது மெல்லிய சவ்வு.

சோதித்த முறை

வீட்டில் செய்ய விரும்புகிறவர்களுக்கு நேரம்தான் முக்கியம். காலை 10 மணியை ஒட்டியோ பின்னேரம் 4 மணியை ஒட்டியோ செய்யவும். அமுக்க அலை திரும்பும் நேரம் அது, அமுக்கம் அசையாமல் நிற்கும். மழை இருட்டிக்கொண்டு வரும்போது வேண்டாம். படிகளை எண்ணி, நடுவில் ஒரு படியையும் முதற்படியையும் கடைசிப்படியையும் தனித்தனியாக அளக்கவும். கீழே இரண்டு நிமிடம் நின்று அமுக்கத்தைக் குறித்து, கைப்பிடியைத் தொடாமல், கையை வீசி, மேடையில் நிற்காமல் ஏறி, மேலேயும் இரண்டு நிமிடம் நின்று குறிக்கவும். ஏறிய உடனே திரையைப் பார்த்து ஏமாற வேண்டாம், மாடி பதியச் சில நிமிடம் எடுக்கும். அமுக்க வித்தியாசத்தைப் பஸ்காலில் எடுத்து 11.2 ஆல் வகுத்தால் உண்மை உயரம், 12 ஆல் வகுத்தால் வாட்ச் நம்பும் உயரம். முதலாவது அளவுநாடாவோடு கால் மீற்றருக்குள் ஒத்துப்போனால் உணரி நலம்.

ரீச்சருக்குச் சொன்னவை

வாட்சை வலக்கைக்கு மாற்றுவதில் பலனில்லை, அந்தக் கையும் சும்மா இல்லை. முழங்காலுக்குப் பயமில்லாத வரை கைப்பிடியை வலக்கையால் பிடித்து, புத்தகக் கட்டைத் தோட்பையில் போட்டால் இடக்கை வீச விடுபடும். விழுந்துவிடும் பயம் இருந்தால் கைப்பிடியை விடவே கூடாது. கணக்குக்காக இடுப்பை உடைக்க முடியாது.

இரண்டாம் மாடிக்குப் போகும் ஏற்றத்தை எந்தத் திருத்தத்தாலும் இந்த வாட்ச் எண்ணாது. எனவே மூன்று வழி. வகுப்பு இடைவேளையில் முதலாம் மாடியோடு நிற்காமல் கீழ்த்தளம் வரை இறங்கி ஒரே மூச்சில் இரண்டாம் மாடிக்கு ஏறினால் இரண்டு பதியும். நேரம் இல்லாத நாளில் 18 படியை ஒரு மாடி என்று கையால் கூட்டிக்கொள்ளலாம். மாடி எண்ணிக்கையை விட்டுவிட்டு, பயிற்சிப் பதிவைத் தொடக்கி மொத்த ஏற்றத்தை மீற்றரில் பார்ப்பது மூன்றாவது வழி. அதில் 3 மீற்றர் எல்லை இல்லை, ஆனாலும் நூற்றுக்கு ஏழு வீதம் என்ற வெக்கைக் குறைவு போகாது, காட்டுவதை 1.07 ஆல் பெருக்கவும்.

தவறிப்போன ஆறு மாடியால் கலோரிக் கணக்கு குலைந்ததா என்றும் கேட்டார். 65 கிலோ உடலை 17.8 மீற்றர் தூக்கும் வேலை 11.3 கிலோயூல். தசையின் திறன் நாலில் ஒரு பங்கு என்று வைத்தாலும் உடல் செலவழிப்பது 11 கிலோகலோரிதான். பிளேன்ரீக்குப் போடும் ஒரு தேக்கரண்டிச் சீனியில் அதைவிடக் கூட இருக்கிறது. படி ஏறுவதன் பயன் இதயத் துடிப்பு ஏறுவதிலும் தொடைத் தசை வேலை செய்வதிலும் இருக்கிறது. அந்தத் துடிப்பை வாட்ச் ஒழுங்காகவே பதிந்திருந்தது. செயலியில் நாளுக்கு 10 மாடி என்று தானாக வந்திருந்த இலக்கை 4 ஆக்கி, நேர் ஏற்றம் இரண்டு என்று எழுதிக் கொடுக்கப்பட்டது.

திருப்பி அனுப்பத் தேவையில்லை. கீழிருந்து இரண்டாம் மாடிக்குப் போகும்போது நேரடி அமுக்கம் 0.7 ஹெக்டோபஸ்கால் குறைகிறது. அது குறையாமல் நின்றால், துளையைக் கழுவிக் காயவைத்த பிறகும் நின்றால், அப்போதுதான் உணரி செத்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் கனடாவுக்கே போகட்டும். போன் திருத்தும் கடையில் கழற்றக் கொடுத்தால் நீர்ப்புகாப் பசை விட்டுவிடும், பிறகு அந்த வாட்சோடு கை கழுவுவதற்கும் யோசிக்க வேண்டிவரும்.